இழுவைக் கப்பலின் இருப்பிடம் அறிதல்

பெருஞ் சரக்குக் கப்பல் துறைமுகத்தின் குறுகிய நீர்ப்பரப்பில் தானே திரும்புதல் அரிது. அதனைத் தள்ளியும் வடத்தால் இழுத்தும் கரையணையச் செய்வது இழுவைக் கப்பலாகும். கரையிலுள்ள உறுதியான கம்பத்தில் வடத்தைக் கட்டி, எத்தனை டன் விசையுடன் இழுக்கிறது என்று கண்டு அதன் ஆற்றலை அளவிடுவர்.

இக்கலத்தின் இருப்பிடத்தை அறியத் தானியங்கி அடையாளக் கருவி உதவுகிறது. இது 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இரு ரேடியோ அலைவரிசைகளில் செய்தி அனுப்புகிறது. சர்வதேச விதிப்படி கப்பல்களில் பொருத்தப்படும் வகைக் கருவி, கலம் ஓடுகையில் 2 முதல் 10 வினாடிக்கு ஒரு முறையும், நங்கூரமிட்டிருக்கையில் 3 நிமிடத்திற்கு ஒரு முறையும் இருப்பிடத்தை உணர்த்தும். பெயர், நீளம், அகலம், நீரில் அமிழ்ந்த ஆழம், சேருமிடம் ஆகியவை 6 நிமிடத்திற்கு ஒரு முறை வெளிப்படும்.

கப்பலின் பெயர் மாறலாம்; அதற்கு அளிக்கப்பட்ட 7 இலக்கச் சர்வதேச எண் மாறாது. அவ்வெண்ணின் முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால், தொகையின் இறுதி இலக்கமே ஏழாவது இலக்கமாகும். 9074729 என்பதற்குத் தொகை 139. இறுதி இலக்கம் 9. ஆசிரியர்கள் இதனை வகுப்பில் கணக்காகச் செய்விக்கலாம்.

கலத்தின் இருப்பிடம் துறைமுக எல்லைக்குள் வந்து, வேகமும் குறையுமாயின், அது துறைமுக வருகையாகக் குறிக்கப்படும். சேருமிடமோ மாலுமி கையால் பதிவது. ஆதலின் அது பிழைபடக்கூடும். பதிவை ஆராய்வோர் இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

இம்முறைக்கு எல்லைகளும் உள. ரேடியோ அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால், புவியின் வளைவு அவற்றின் எட்டத்தைக் குறைக்கிறது. உயர்ந்த கலங்கரை விளக்கங்களில் ஏற்பிகள் அமைப்பதன் காரணம் இதுவே. 2011இல் இந்தியா ஏவிய ரிசோர்ஸ்சாட்-2 செயற்கைக்கோளும் இத்தகைய ஏற்பியைச் சுமந்து சென்றது. சர்வதேசப் பயணக் கப்பல்களில் மொத்தக் கொள்ளளவு 300 டன்னும் அதற்கு மேலும் உள்ளவற்றிற்கு இக்கருவி சர்வதேச விதிப்படி கட்டாயம். சிறிய துறைமுக இழுவைக் கலங்கள் பல அவ்வரம்பினுள் வாரா. அவற்றிற்கு அந்தந்த நாட்டு விதிகளே பொருந்தும்.

2021 மே மாதம் டவுக்டே புயலில், மும்பைக்கு அப்பால் வரப்பிரதா என்னும் இழுவைக் கப்பல் மூழ்கியது. அதிலிருந்த 13 பேரில் இருவரே உயிருடன் மீட்கப்பட்டனர். புயற்காலத்தில், ஒரு கலத்தின் கடைசி இருப்பிடமே தேடுவோர்க்கு முதல் வழிகாட்டியாகும். ஆகையால், கருவி பழுதின்றி இயங்குகிறதா என்பதைப் பயணம் தொடங்குமுன் சோதித்தல் கடமையாகும்.