பேசாத ஆளுக்கே விசில்

'ஜி.ஐ. ஜோ: ரிட்டாலியேஷன் பார்த்திருக்கீங்களா?' என்று அருப்புக்கோட்டையில் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். 'ராக் நடிச்ச படம், மலையில கயித்தப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டே வாள் சண்டை போடுவாங்களே' என்று கேட்டுப் பாருங்கள். பைக் பட்டறையிலும் தறிக்கூடத்திலும் முப்பது வயதை ஒட்டிய ஆட்கள் சட்டென்று நிமிர்வார்கள். படத்தின் பெயர் மனதில் நிற்கவில்லை. கதையும் நிற்கவில்லை. சண்டை மட்டும் நிற்கிறது. அதிலும் கறுப்பு உடுப்பு, வெள்ளை உடுப்பு என்று இரண்டே பேர்.

2013 மார்ச் கடைசியில், தமிழ் பேசிக்கொண்டு வந்த இரண்டாம் பாகம் அது. ஹாஸ்ப்ரோ என்ற அமெரிக்க நிறுவனம் 1964-இல் விற்க ஆரம்பித்த சிப்பாய்ப் பொம்மைகள்தான் மூலம். அங்கே அந்தப் படத்தைப் பார்க்கப் போனவர்களில் கணிசமானவர்கள் சின்ன வயதில் அந்தப் பொம்மைகளை மண்ணில் புதைத்து, மீட்டு, கை கால் உடைத்து விளையாடியவர்கள். எங்கள் கரிசல் காட்டில் அந்தப் பொம்மையைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. பொம்மையோடு வளர்ந்தவன் என்ன சொன்னான், பொம்மையே தெரியாதவன் என்ன சொன்னான் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எனக்கு இரண்டாமவன் தீர்ப்புதான் கூர்மையாகப் படுகிறது.

பொம்மை இந்தியாவுக்கே வரவில்லை என்றும் சொல்ல முடியாது. சென்னையின் எம்.ஆர்.எஃப். நிறுவனமும் ஹாஸ்ப்ரோவும் கூட்டாகத் தொடங்கிய ஃபன்ஸ்கூல், இந்தச் சிப்பாய்களை இங்கேயே வார்த்து விற்றது. அமெரிக்காவில் ஒரு நிறத்தில் வந்த ஆள் இந்தியப் பதிப்பில் வேறு நிறத்தில் வருவான். அந்த நிறக் கோளாறுக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றை இன்றும் தேடி வாங்குகிறார்கள். ஆனால் அதெல்லாம் பெருநகரக் கடைகளின் கண்ணாடி அலமாரிச் சமாச்சாரம். பந்தல்குடியிலும் பரளச்சியிலும் பையன்கள் நுங்கு தின்ற கூந்தலில் குச்சி செருகி வண்டி ஓட்டினார்கள். தீபாவளி வந்தால் சுருள் கேப் துப்பாக்கி. அதற்கு மேல் வசதி உள்ள பையனிடம் மல்யுத்தச் சீட்டுக்கட்டு இருக்கும். உயரம், எடை, ரேங்க் என்று அச்சடித்த டபிள்யூ.டபிள்யூ.எஃப். சீட்டுகள். அதில் ராக் சீட்டு கைக்கு வந்தவன் ராஜா.

அதனால் இரண்டாம் பாகத்துக்கு ராக் என்கிற ட்வைன் ஜான்சனைப் பிடித்துப் போட்டது, தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, எங்கள் ஊரைப் பொறுத்தவரை சரியான காரியம். முதல் பாகம் 2009-இல் வந்த 'தி ரைஸ் ஆஃப் கோப்ரா'. பாரிஸில் ஈபிள் கோபுரத்தைப் பூச்சி அரித்த மாதிரி தின்று சாய்க்கிற படம் என்றால் தெரியும். அதில் நடித்த டென்னிஸ் க்வெய்ட், சியன்னா மில்லர், மார்லன் வேயன்ஸ் யாரும் இரண்டாம் பாகத்தில் இல்லை. மிஞ்சியவர்களில் முக்கியமானவர் டியூக் என்ற நாயகன், சானிங் டாட்டம். அவரையும் படம் சூடு பிடிப்பதற்குள் கொன்றுவிட்டார்கள்.

இந்தச் சாவுதான் அமெரிக்காவில் பெரிய பேச்சு. அதற்கு ஒரு முன்கதை உண்டு. 1986-இல் ஹாஸ்ப்ரோவின் இன்னொரு பொம்மை வரிசையான டிரான்ஸ்ஃபார்மர்ஸை வைத்து ஒரு கார்ட்டூன் படம் வந்தது. கடையில் புதுப் பொம்மைகளுக்கு இடம் வேண்டும். எனவே பழைய பொம்மைகளைத் திரையில் தீர்த்துக் கட்ட வேண்டும். இப்படி ஒரு வியாபாரக் கணக்கில் தலைவன் ஆப்டிமஸ் ப்ரைமைச் சாகடித்தார்கள். தியேட்டரில் பிள்ளைகள் தேம்பி அழுதார்கள். பெற்றோர்கள் கோபப்பட்டுக் கடிதம் எழுதினார்கள். நிறுவனம் ஆடிப்போனது. அடுத்து 1987-இல் வரவிருந்த ஜி.ஐ. ஜோ கார்ட்டூன் படத்தில் டியூக் சாக வேண்டும் என்பது கதை. நெஞ்சில் ஈட்டி பாய்ந்து விழுவதுவரை வரைந்தாகிவிட்டது. படத்தை மாற்ற நேரமில்லை, வசனத்தை மாற்றினார்கள். 'டியூக் கோமாவுக்குப் போய்விட்டார்' என்று ஒரு குரலை மேலே ஒட்டினார்கள். கடைசியில் 'கோமாவிலிருந்து மீண்டுவிட்டார்' என்று இன்னொரு குரல். செத்த ஆளை டப்பிங்கில் பிழைக்க வைத்துவிட்டார்கள்.

இப்படி 1987-இல் ரசிகர்களின் கண்ணீர் காப்பாற்றிய டியூக்கைத்தான் 2013 படம் சாகடித்தது. படம் முதலில் 2012 ஜூன் 29 அன்று வருவதாக இருந்தது. விளம்பரங்கள் ஓடின. சில கடைகளுக்குப் பொம்மைகள்கூட வந்துவிட்டன. ஐந்து வாரமே இருக்கும்போது, மே மாதத்தில், ஒன்பது மாதம் தள்ளி வைத்தார்கள். ஸ்டுடியோ சொன்ன காரணம் 3டி. முன்னோட்டக் காட்சி பார்த்தவர்களுக்கு டியூக் அவ்வளவு சீக்கிரம் போனது பிடிக்கவில்லை என்றும், அந்த வருடம் டாட்டமின் வேறு படங்கள் நன்றாக ஓடி அவர் மதிப்பு ஏறிவிட்டது என்றும் பத்திரிகைகள் எழுதின. அதே மே மாதம்தான் ஹாஸ்ப்ரோவின் விளையாட்டை வைத்து எடுத்த 'பேட்டில்ஷிப்' அமெரிக்காவில் குப்புற விழுந்தது. எல்லாம் சேர்ந்துதான் முடிவெடுத்திருப்பார்கள் என்பது என் கணிப்பு.

நாயகன் செத்தால் ரசிகன் என்ன செய்வான் என்று அருப்புக்கோட்டைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1977-இல் எம்.ஜி.ஆர். ஜெயித்து முதல்வராகப் போனது இந்தத் தொகுதியிலிருந்துதான். 'பாசம்' படத்தில் அவர் செத்ததை ரசிகர்கள் ஏற்கவில்லை. 'மதுரை வீரன்' படத்தில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்தபோது ஏற்றார்கள், படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. செத்தவன் சாமியாகிறான் என்பது அங்கே கணக்கு. இந்த வறண்ட நாட்டில் ஊர் எல்லையில் அருவாளோடு நிற்கிற சாமிகளில் பலர் அநியாயமாக வெட்டுப்பட்டுச் செத்த மனிதர்கள். முதலில் சாவு, அப்புறம் மண் பொம்மை, அப்புறம் கும்பிடு. ஹாஸ்ப்ரோ தலைகீழாகப் போனது. முதலில் பொம்மை, அப்புறம் படம், பொம்மை விற்று முடிந்ததும் சாவு. அந்தச் சாவில் ரசிகனுக்குக் கும்பிட ஒன்றும் இல்லை. டியூக் செத்ததும் ராக் கொஞ்சம் முகத்தை இறுக்குகிறார், படம் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது.

இங்கே அந்தச் சாவு பெரிதாகப் பேசப்படவில்லை. டியூக் யாரென்றே தெரியாத ஊரில் அவன் செத்தால் என்ன, இருந்தால் என்ன? ராக் இருக்கிறார், போதும். நம் ஆட்களை உறுத்தியது வேறொன்று. படத்தில் விண்வெளியிலிருந்து ஒரு தடியைப் போட்டு லண்டன் நகரத்தையே மண்ணோடு மண்ணாக்குகிறார்கள். சில விநாடிக் காட்சி. அதன்பிறகு அதைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. ஒருத்தனுக்கும் அங்கே அக்கா, தங்கச்சி, தெரிந்தவன் இல்லையா? அவ்வளவு பெரிய ஊர் அழிந்தும் ஒரு ஒப்பாரி கிடையாது. ஒரு சாவு விழுந்தால் பதினாறு நாளைக்கு வேலை கெட்டுப்போகிற ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா? அமெரிக்க விமர்சகர்களும் படத்தைத் திட்டினார்கள்தான். தர்க்கம் இல்லை, பாத்திரம் இல்லை என்றார்கள். நம்மாள் துக்கம் இல்லை என்கிறான்.

அந்தப் பாலைவனக் காட்சியையும் சொல்ல வேண்டும். பாகிஸ்தானில் ஒரு வேலையை முடித்துவிட்டு முகாமில் இளைப்பாறும்போது வானத்திலிருந்து தாக்குதல். ராக்கும் இன்னும் இருவரும் ஒரு கிணற்றுக்குள் பதுங்கித் தப்பிக்கிறார்கள். வெளியே வந்தால் கூட வந்த அத்தனை பேரும் பிணம். படத்திலேயே நிலமும் வெயிலும் தெரிகிற இடம் இதுதான். கருவேலங்காட்டுக்கு நடுவே வறண்ட கிணற்றை எட்டிப் பார்த்துப் பழகிய திருச்சுழிக்காரனுக்கு அது அந்நியப் பூமியாகவே தெரியாது.

வெளியான நேரமும் இங்கே சாதகமாக இல்லை. பங்குனி மாதம், பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேர்வு நேரம். 3டி-யில் பார்க்க வேண்டுமென்றால் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி மதுரைக்குப் போக வேண்டும். ஒன்பது மாதம் காத்து, காசைக் கொட்டிச் சேர்த்த 3டி, இந்தப் பக்கத்தில் பலருக்குச் செல்போனின் உள்ளங்கைத் திரையில் தட்டையாகத்தான் கிடைத்தது. மெமரி கார்டில் படம் ஏற்றித் தருகிற கடைகள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. மிச்சப் பேர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் பார்த்தார்கள், கறிச்சோறு தின்ற மயக்கத்தில் பாதி தூங்கி, சண்டைக்கு எழுந்து.

இனி அந்தக் கறுப்பு ஆளுக்கு வருகிறேன். பெயர் ஸ்நேக் ஐஸ். 1982-இல் ஹாஸ்ப்ரோ சிப்பாய்களை விரல் நீளத்துக்குச் சுருக்கிப் புதிதாக இறக்கியபோது செலவு கையைக் கடித்தது. ஒரு பொம்மைக்காவது சாயச் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று, முழுக்கக் கறுப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்து, ஒரு பொட்டு வண்ணம்கூட வைக்காமல் அப்படியே பொட்டலம் கட்டினார்கள். சாயம் ஏறினால் சேலை விலை எங்கே போய் நிற்கும் என்று அருப்புக்கோட்டைத் தறிக்காரருக்குச் சொல்லவே வேண்டாம். மார்வெல் நிறுவனத்துக்காக அந்தச் சிப்பாய்களின் சித்திரக்கதையை எழுதிய லாரி ஹாமா, அந்த முகமில்லாத கறுப்பனை வாய் பேசாதவன் ஆக்கினார். 1984-இல் 21-ஆவது இதழை ஒரு வரி வசனம்கூட இல்லாமல் படங்களாலேயே சொல்லி முடித்தார். வெள்ளை உடுப்புக்காரனான ஸ்டார்ம் ஷேடோ அறிமுகமானதும் அந்த இதழில்தான். கஞ்சத்தனத்தில் பிறந்த பொம்மை, வரிசையிலேயே அதிகம் நேசிக்கப்பட்ட பொம்மையாயிற்று.

இரண்டாம் பாகத்தின் மலைச் சண்டை அந்த மௌனத்தின் வாரிசு. பிடிபட்ட ஸ்டார்ம் ஷேடோவைப் பையில் கட்டி, செங்குத்தான பாறையில் கயிற்றில் தொங்கியபடி ஸ்நேக் ஐஸும் ஜிங்ஸ் என்ற பெண்ணும் இறங்குகிறார்கள். சிவப்பு உடுப்பு நிஞ்சாக்கள் பாறைக்குப் பாறை ஊசலாடி வந்து மறிக்கிறார்கள். பை கை மாறுகிறது, கயிறு அறுகிறது, ஆட்கள் பள்ளத்தில் சரிகிறார்கள். பல நிமிடங்களுக்கு வசனத்துக்கே வேலை இல்லை. நடனப் படங்கள் எடுத்துவிட்டு வந்த இயக்குநர் ஜான் எம். சூவின் கை தெரிகிற இடமும் இதுதான். டப்பிங் படங்களில் வாய் ஒரு பக்கமும் சொல் ஒரு பக்கமும் போகிற சங்கடம் இங்கே கிடையாது. முகமூடி போட்ட ஊமைக்கு எந்த மொழியில் டப்பிங் செய்ய முடியும்? நாள் முழுக்க விசைத்தறிச் சத்தத்தில் சைகையாலேயே பேசிக்கொள்கிற ஜனங்களுக்கு அந்த ஆள் மேல் தனிப் பிரியம் வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. மௌனத்தாலேயே உபதேசித்த ரமணர் 1879-இல் பிறந்தது திருச்சுழியில் என்பதை இங்கே நினைவூட்டினால் அடிக்க வருவீர்கள், விட்டுவிடுகிறேன்.

வெள்ளைக்காரனுக்கு, அதாவது வெள்ளை உடுப்புக்காரனுக்கு, இங்கே ஆதரவு கிடைத்த காரணம் வேறு. கொரிய நடிகர் லீ பியங்-ஹன் நடித்த பாத்திரம். குருவான தன் பெரியவரைக் கொன்றதாகப் பழி சுமந்து, எதிரிக் கூடாரத்திலேயே வருஷக்கணக்கில் இருந்து, உண்மைக் கொலைகாரனைக் கடைசியில் பழிவாங்குகிறான். செய்யாத கொலைக்குப் பழி சுமந்தவன் கதையைத் தமிழனுக்கு விளக்கவே வேண்டாம். ஒரு ஃபிளாஷ்பேக்கும் அம்மா பாட்டும் சேர்த்திருந்தால் நேரடித் தமிழ்ப் படம்.

பொம்மை தெரியாதவன் தீர்ப்பே கூர்மை என்றேனே, வசூல் கணக்கும் ஏறத்தாழ அதையே சொல்கிறது. முதல் பாகம் உலகம் முழுக்க சுமார் 30 கோடி டாலர், அதில் பாதி அமெரிக்காவில் வந்தது. இரண்டாம் பாகம் சுமார் 37 கோடி. ஆனால் அமெரிக்காவில் 12 கோடிச் சொச்சமாக இறங்கியது, வெளியே 25 கோடியாக ஏறியது. பொம்மையோடு வளர்ந்த நாடு கையை இழுத்துக்கொண்டபோது, பொம்மை தெரியாத நாடுகள்தான் படத்தைத் தூக்கி நிறுத்தின. இந்தக் கணக்கைப் பார்த்தும் அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 2021-இல் 'ஸ்நேக் ஐஸ்' என்று தனிப் படம் எடுத்து, முகமூடியைக் கழற்றி, ஹென்றி கோல்டிங் என்ற அழகான நடிகரின் முகத்தைக் காட்டி, படம் முழுக்கப் பேச வைத்தார்கள். உலகம் முழுக்க 4 கோடி டாலரோடு படுத்துவிட்டது. கொரோனா காலம் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் ஊமையைப் பேச வைத்ததுதான் பெரிய காரணம் என்பேன்.

2023-இல் வந்த 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்: ரைஸ் ஆஃப் தி பீஸ்ட்ஸ்' முடிகிற நேரத்தில் நாயகன் கையில் ஒரு அட்டையைத் தருகிறார்கள். அதில் ஜி.ஐ. ஜோ என்று இருக்கிறது. ஆக, இரண்டு பொம்மை வரிசையையும் ஒன்றாகச் சேர்க்கிற எண்ணம் இருக்கிறது. எடுப்பவர்களுக்கு அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து விண்ணப்பம் இவ்வளவுதான்: ஊரை அழித்தால் யாராவது ஒருத்தராவது அழட்டும். வெள்ளை உடுப்பையும் கறுப்பு உடுப்பையும் மறுபடி கயிற்றில் தொங்க விடுங்கள். கறுப்பு ஆளை மட்டும் தயவுசெய்து பேச வைக்காதீர்கள்.