தஞ்சை தப்பியது எப்படி? மூளைக்காய்ச்சலும் குழந்தையின் மூளையும்

சம்பா நடவு முடிந்து வயலெல்லாம் தண்ணீர் நிற்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள்தான் தமிழ்நாட்டில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தலைகாட்டும் காலமும். நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் ட்ரைட்டேனியோரிங்கஸ் என்ற கொசு நெல்வயல் தண்ணீரில் முட்டையிடுகிறது. வைரஸை உடம்பில் வளர்க்கும் மடையானும் உண்ணிக்கொக்கும் அதே வயலில் இரை பொறுக்குகின்றன. அப்படியானால் குறுவை, சம்பா, தாளடி என்று ஆண்டில் பாதிக்கு மேல் தண்ணீரில் நிற்கும் காவிரிப் படுகையில் இந்த நோய் மண்டிக் கிடந்திருக்க வேண்டும். கிடக்கவில்லை. கொள்ளிடத்துக்கு வடக்கே, விருத்தாசலத்தைச் சுற்றிய பழைய தென்னார்க்காட்டுக் கிராமங்களில்தான் 1980-களில் குழந்தைகள் அடுத்தடுத்து விழுந்தார்கள்.

ஏன் இந்த வேறுபாடு? மதுரையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திவந்த பூச்சியியல் ஆய்வு மையத்தினர் இந்தக் கேள்வியோடு தஞ்சாவூர் மாவட்டக் கிராமங்களுக்குப் போனார்கள். குழந்தைகளின் ரத்தத்தில் இந்த வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று சோதித்தார்கள். அந்த மையத்தின் விஜயராணியும் கஜானனாவும் 2000-ல் வெளியிட்ட முடிவு, இவ்வளவு நெல் விளையும் மண்ணில் தொற்றே மிகக் குறைவு என்றது. விளக்கம் மாட்டுக் கொட்டகையில் இருந்தது. இந்தக் கொசுவுக்கு மனித ரத்தத்தைவிட மாட்டு ரத்தம் பிடிக்கும். மாட்டின் உடம்பில் புகுந்த வைரஸ் அங்கே பெருகுவதில்லை. அடுத்த கொசுவுக்குப் போகாமல் அதோடு நின்றுவிடுகிறது. பன்றியின் உடம்பிலோ அது பல்கிப் பெருகி, கடிக்கும் கொசுவுக்கெல்லாம் தொற்றுகிறது. தஞ்சாவூரில் ஒரு பன்றிக்குப் பல நூறு மாடுகள் என்ற கணக்கு இருந்தது. தென்னார்க்காட்டில் இந்த விகிதம் மிகக் குறைவு.

தஞ்சைக் குழந்தைகளை அன்று காத்தது யாரும் திட்டமிட்டு எழுப்பிய அரண் அல்ல, கால்நடைக் கணக்கு தந்த அதிர்ஷ்டம். அதை நம்பி இன்றும் இருந்துவிடலாமா என்பதற்கு விடை சொல்ல, அந்த வைரஸ் குழந்தையின் தலைக்குள் என்ன செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

வளர்ந்த மனிதரின் மூளை சுமார் 1,300 முதல் 1,400 கிராம் எடையுள்ளது. உடல் எடையில் இது ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு இதற்கே போகிறது. ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள் இதில் உள்ளன. மேலே மடிப்பு மடிப்பாகத் தெரியும் சாம்பல் நிறப் புறணியின் தடிமன் 2 முதல் 4 மில்லிமீட்டர் மட்டுமே. பேச்சு, கணக்கு, திட்டமிடுதல் எல்லாவற்றிலும் புறணிக்குப் பங்கு உண்டு. படம் போடுகிறவர்கள் அதையே வரைந்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் பெரிதும் தாக்குவது அதற்கு அடியில், மூளையின் நடுவில் இருக்கும் பகுதிகளை.

அங்கே வலமும் இடமுமாக முட்டை வடிவில் இரண்டு தாலமஸ்கள் உள்ளன. கண், காது, தோல் ஆகியவற்றிலிருந்து வரும் செய்திகள் தாலமஸில் ஏறித்தான் புறணிக்குப் போகின்றன. மோப்பம் மட்டும் விதிவிலக்கு. கல்லணைக்கு வந்துசேரும் நீர் அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து போவதுபோலத்தான் இதுவும்: எந்தச் செய்தி எந்த வாய்க்காலில், எவ்வளவு போக வேண்டும் என்பது தாலமஸில் முடிவாகிறது. விழிப்பும் உறக்கமும்கூட அதைச் சார்ந்தவையே. இரண்டு தாலமஸ்களும் ஒருசேர வீங்கினால் குழந்தை நினைவிழப்பது அதனால்தான்.

தாலமஸைச் சூழ்ந்து அசைவுகளை ஒழுங்குபடுத்தும் நியூரான் திரள்கள் உள்ளன. அவற்றுக்கு டோபமைன் அனுப்புவது, மூளைத்தண்டின் மேற்பகுதியில் கரும்பட்டையாகத் தெரியும் ஒரு சிறு பகுதி. முதியவர்களுக்குப் பார்க்கின்சன் நோய் வருவது இந்தக் கரும்பட்டை நியூரான்கள் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல மடிவதால். மூளைக்காய்ச்சல் அதே இடத்தைச் சில நாட்களில் தாக்கிவிடுகிறது. அதனால்தான் காய்ச்சல் தணிந்த பிறகும் சில குழந்தைகளின் முகம் உணர்ச்சியற்று உறைந்து நிற்கிறது, கை நடுங்குகிறது, உடல் விறைக்கிறது. மாதங்கள் போகப் போக இவற்றில் பல குறைவதும் உண்டு. வேறு சில குழந்தைகளுக்கு வைரஸ் தண்டுவடத்தின் இயக்க நியூரான்களைத் தாக்கி, போலியோபோலக் கால் துவண்டுபோகிறது.

ஆனால் ரத்தத்தில் ஓடும் எல்லாமும் அவ்வளவு சுலபமாக மூளைக்குள் போய்விட முடியாது. 1885-ல் ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிக் விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தபோது உடல் முழுவதும் நிறம் ஏறியது, மூளை மட்டும் வெளுத்தே இருந்தது. 1913-ல் அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் சாயத்தை மூளைத் தண்டுவட நீரில் செலுத்தினார். இப்போது மூளை நிறம் மாறியது, உடல் மாறவில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு உண்டு என்பதை உலகம் தெரிந்துகொண்டது இப்படித்தான். மூளையின் நுண்குழாய்ச் சுவரில் உள்ள செல்கள் இடுக்கே இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதுதான் அந்தத் தடுப்பு. கொசு கடித்து வைரஸ் ஏறியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. சுமார் 250 தொற்றுகளில் ஒன்றுதான் கடும் நோயாகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஒரு குழந்தையிடம் வைரஸ் தடுப்பைத் தாண்டிவிடுகிறது. பிறகு உடலின் சொந்த எதிர்ப்புச் சக்தி மூட்டும் அழற்சியே தடுப்பை மேலும் உடைத்து, வீக்கத்தைப் பெருக்குகிறது.

ஏன் குழந்தைகள்? இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு, இரண்டும் உண்மை. நோய் நிலைகொண்ட ஊர்களில் பெரியவர்கள் சிறுவயதிலேயே தமக்குத் தெரியாமல் தொற்று வாங்கி எதிர்ப்புச் சக்தி பெற்றிருப்பார்கள் என்பது ஒன்று. இன்னொன்று மூளையின் வளர்ச்சியைப் பற்றியது. கரு உருவான மூன்றாவது வாரத்தில் ஒரு தட்டையான திசு மடிந்து குழாயாகத் தொடங்குகிறது. நான்காவது வாரம் முடிவதற்குள் குழாய் மூடிக்கொள்கிறது. அதன் முன்முனைதான் மூளையாகிறது. நியூரான்களில் பெரும்பகுதி பிறப்பதற்கு முன்பே உண்டாகிவிடும். ஆனால் அவை ஒன்றோடொன்று இணைவது பிறந்த பிறகுதான் வேகம் பிடிக்கிறது. சிகாகோவில் பீட்டர் ஹட்டன்லோக்கர், இறந்தவர்களின் மூளைத் திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து இணைப்புகளை எண்ணினார். ஒன்றிரண்டு வயதுக் குழந்தையின் புறணியில் இணைப்புகளின் அடர்த்தி வளர்ந்தவரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று 1979-ல் எழுதினார். பிறகு பயன்படும் இணைப்புகள் உறுதிப்படுகின்றன, மற்றவை கழிந்துபோகின்றன. ஆறு வயதுக்குள் மூளை தன் முழு அளவில் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது.

இப்படி முதிர்ந்துகொண்டிருக்கும் நியூரான்களைத்தான் வைரஸ் எளிதாகப் பிடிக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1991-ல் எலிகளில் இதைக் காட்டினார்கள். பிறந்து இரண்டு வாரத்துக்குள் இருந்த குட்டிகளின் மூளையில் வைரஸ் பரவியது. அதைத் தாண்டிய குட்டிகளின் முதிர்ந்த நியூரான்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஹரியானாவின் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் அனிர்பன் பாசுவின் குழு 2008-ல் இன்னொன்றைக் கண்டது: புதிய நியூரான்களைத் தரும் மூலச் செல்களையே வைரஸ் தொற்றி, அவை பெருகுவதைக் குறைக்கிறது. சேதத்தைச் சரிசெய்யக் கிடைக்கும் கொஞ்ச வாய்ப்பும் அதோடு போகிறது. அந்தக் குழு மினோசைக்ளின் என்ற பழைய மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது எலிகள் பிழைத்தன. பின்னர் லக்னோவில் நோயாளிகளிடம் நடந்த சோதனையில் அதே அளவு தெளிவான பலன் தெரியவில்லை. எலியிடம் கிடைத்த முடிவை மனிதரிடமும் சோதித்துப் பார்த்தே தீரவேண்டும் என்பதால் மூளை ஆராய்ச்சி இவ்வளவு மெதுவாக நடக்கிறது. குழந்தையை மருத்துவமனையில் வைத்துக்கொண்டு நிற்கும் பெற்றோருக்கு அந்த மெதுவான வேகம் தாங்க முடியாதது.

இந்தியாவில் மனிதரிடம் இந்த நோய் முதலில் இனம் காணப்பட்டது தமிழ் மண்ணில்தான். 1955-ல் வட ஆர்க்காடு மாவட்டக் குழந்தைகளுக்கு வந்த காய்ச்சலையும் வலிப்பையும் கவனித்து, இது கொசு பரப்பும் வைரஸாக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் குழந்தை மருத்துவர் வெப்பும் பெரைராவும். 1958-ல் வேலூரில் ஒரு நோயாளியின் மூளையிலிருந்து பிரித்த வைரஸை இன்றும் இந்திய ஆய்வகங்கள் பயன்படுத்துகின்றன. அன்று இறந்தவரின் மூளையைத் திறந்தால்தான் நோயை உறுதிசெய்ய முடியும். இன்று உயிரோடு இருக்கும்போதே எம்.ஆர்.ஐ. படத்தில் இரண்டு தாலமஸ்களும் வெளிச்சமாகத் தெரிவதைப் பார்க்கலாம். எம்.ஆர்.ஐ. கருவி திசுவில் உள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்களைக் காந்தப் புலத்தால் தட்டி எழுப்பி, அவை திருப்பி அனுப்பும் சைகையைப் படமாக்குகிறது. வீங்கிய இடத்தில் நீர் அதிகம், ஆகவே சில வகைப் படங்களில் அந்த இடம் வெளுக்கும். இதில் எக்ஸ்-ரே கதிர் கிடையாது.

உறுதியான சான்று தருவது முதுகில் ஊசி போட்டு எடுக்கும் நீர்தான். இதற்கு நம் ஊர்களில் பயம் அதிகம். முதுகில் ஊசி குத்தினால் கால் வராது என்று கையெழுத்துப் போட மறுக்கும் குடும்பங்கள் உண்டு. தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது அதற்குக் கீழே, நீர் நிறைந்த பையில். இந்த வைரஸுக்கு எதிரான ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் அந்த நீரில் இருந்தால் நோய் உறுதி. முதல் சில நாட்களில் இல்லையென்று வந்து, ஒரு வாரம் கழித்து உண்டென்று வருவதும் வழக்கம். ஆகவே இரண்டாவது முறை கேட்டால் மறுக்காதீர்கள்.

மூளையின் வரைபடமே இன்னும் முழுமையாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில், கருவில் வளரும் மனித மூளையின் முப்பரிமாணப் படத்தொகுப்பை ‘தரணி’ என்ற பெயரில் வெளியிட்டது. கருவின் நான்காம் மாதம் தொடங்கி ஆறாம் மாதம் வரையிலான மூளைகளை மிக மெல்லிய சீவல்களாக அறுத்து, 5,132 சீவல்களைச் செல்வரை தெரியும்படி படமெடுத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். எந்தச் செல் எந்த வாரத்தில் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான், நோய் எதைக் கெடுக்கிறது என்பதும் பிடிபடும். அந்தப் பணி சென்னையில் நடந்திருப்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

மறுபடியும் வயலுக்கு வருவோம். தஞ்சாவூரைப் பற்றிய அந்த ஆய்வு வெளிவந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. ஏர்மாடு நின்ற கொட்டகையில் இன்று டிராக்டர் நிற்கிறது. மாடு குறைந்தால் கொசு யாரைத் தேடி வரும் என்று யோசித்துப் பாருங்கள். மாடுகளை அதிகமாக வைத்துக்கொள்வதும் தீர்வல்ல, மாட்டு ரத்தம் குடித்தே கொசுவும் பெருகுகிறது. வயலில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: எப்போதும் தண்ணீர் தேக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்டினால் கொசுப்புழு சாகும். மதுரை மையத்தினர் இதையும், வேப்பம்புண்ணாக்கு கலந்த யூரியாவையும் தென்தமிழ்நாட்டு வயல்களில் சோதித்துப் பார்த்தார்கள். ஆனால் ஒருவர் வயலில் மட்டும் செய்து பயனில்லை. வாய்க்கால் முழுவதும் ஒரே முறைப்பாசனம் வேண்டும், மழைக்காலத்தில் வடிய வைக்கவும் முடிய வேண்டும். கடைமடையில் அது எவ்வளவு கடினம் என்று விவசாயிகளுக்குத் தெரியும்.

எனவே நம்பத் தகுந்தது தடுப்பூசிதான். 2005-ல் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் வட்டாரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போன பிறகு, 2006-ல் சீனாவில் உருவான உயிர்த் தடுப்பூசி இந்தியாவுக்கு வந்தது. 2013-ல் ஹைதராபாத்தின் பாரத் பயோடெக், கர்நாடகத்தின் கோலாரில் பிரித்த வைரஸிலிருந்து ஜென்வாக் தடுப்பூசியைக் கொண்டுவந்தது. நோய் அபாயம் உள்ளதாக அரசு அறிவித்த மாவட்டங்களில் 9 மாதம் முடிந்ததும் ஒரு தவணை, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று இலவசமாகப் போடப்படுகிறது. மூளைக்காய்ச்சலாகிவிட்ட குழந்தைகளில் 100-க்கு 30 பேர்வரை இறக்கிறார்கள். பிழைப்பவர்களில் 100-க்கு 20 முதல் 30 பேருக்கு அறிவிலோ நடத்தையிலோ நடையிலோ குறை நிலைத்துவிடுகிறது. வைரஸைக் கொல்லும் மருந்து இன்றுவரை இல்லை.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் தடுப்பூசி அட்டையை எடுத்து, ஜே.இ. (ஜப்பானிய மூளைக்காய்ச்சல்) என்று எழுதிய இரண்டு கட்டங்களும் நிரம்பியிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். தவறிய தவணையைப் பிறகும் போடலாம். காய்ச்சலோடு வலிப்போ, பேச்சுக் குழறலோ, விழிக்காத தூக்கமோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வலிப்பு வந்த குழந்தையின் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காமல், வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.