பச்சை, சிவப்பு, நீலம்: பல் ஸ்கேனர்கள் பரீட்சை எழுதும் அறை

மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் பல்லுசெட்டு கட்டிய பாட்டிகளைக் கேட்டுப் பாருங்கள். அளவெடுத்த கதையை இன்னும் முகம் சுளித்துத்தான் சொல்வார்கள். வாய் நிறைய மாவு, குமட்டல், கண்ணில் தண்ணீர்! அந்த அல்ஜினேட் மாவு அச்சில் உடனே பிளாஸ்டர் ஊற்றியாக வேண்டும், காய்ந்தால் சுருங்கிவிடும். வாய்க்குள் படம் பிடிக்கும் ஸ்கேனர் இருந்தால் அந்தக் கவலையே இல்லை. தாப்பாவுக்கு இறங்கும் பஸ் ரிங்லெட்டைத் தாண்டுமுன் வாயின் முப்பரிமாணப் படம் ஈப்போவில் பல் செய்யும் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்!

அந்தப் படம் எவ்வளவு துல்லியம்? டிரையோஸ், ஐடெரோ, பிரைம்ஸ்கேன், மெடிட், இந்த ஸ்கேனர்களில் எது கெட்டிக்காரன்? அதைச் சோதிக்கும் விதம் இருக்கிறதே, அடடா! வாங்க, உள்ளே எட்டிப் பார்ப்போம்.

மேசைமேல் ஒரு செயற்கைத் தாடை. முதலில் அதன் நிஜ அளவு தெரிய வேண்டும். சில கூடங்களில் அதற்கு நுனியில் சின்ன ரூபிக் குண்டு பதித்த ஊசி வருகிறது. புள்ளி புள்ளியாகத் தொட்டுக் கணக்கெடுக்கிறது. பிறகு ஒவ்வொரு ஸ்கேனரும் அதே தாடையைத் திரும்பத் திரும்பப் படம் பிடிக்கிறது. அந்தப் படங்களை நிஜ அளவின்மேல் கணினி பொருத்துகிறது. உடனே திரையில் பல் முழுக்க வண்ணம்! பொருந்திய இடம் பச்சை, புடைத்த இடம் சிவப்பு, குழிந்த இடம் நீலம். கடைவாயில் திடீரென்று சிவப்பு பரவும்போது எனக்குப் படபடவென்று அடித்துக்கொள்ளும்.

மதிப்பெண் இரண்டு. நிஜத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வந்தது என்பது ஒன்று. பத்து முறை எடுத்தால் பத்தும் ஒன்றுபோல் இருக்கிறதா என்பது மற்றொன்று. ஒரே தப்பைப் பத்து முறையும் பிசகாமல் செய்கிற ஸ்கேனரும் உண்டு!

எவ்வளவு பிசகலாம்? 1971-இல் மெக்லீன், ஃபிரான்ஹோஃபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பல்லுக்கும் அதன்மேல் மாட்டும் உறைக்கும் நடுவே 120 மைக்ரான் இடைவெளி வரை ஏற்கலாம் என்றார்கள். மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. இன்றும் பலர் அதைத்தான் எல்லைக்கோடாக வைக்கிறார்கள். ஒற்றைப் பல் என்றால் இன்றைய நல்ல ஸ்கேனர்கள் எல்லாமே இதற்குள் சுலபமாக அடங்கிவிடும். எனவே ஒரு பல்லை வைத்து எது ஒசத்தி என்று அடித்துக்கொள்வதில் அர்த்தமே இல்லை.

முழுத் தாடையில்தான் விளையாட்டே! கேமரா துண்டு துண்டாக எடுப்பதை மென்பொருள் ஒட்டிக்கொண்டே போகிறது. தேயிலை நிரை பிடிக்கும்போது முதல் செடி ஒரு விரல் விலகினால் கடைசிச் செடி எங்கே போய் நிற்கும்? அதே கதைதான். வலது கடைவாயில் தொடங்கிய சிறு பிசகு இடது கடைவாயை எட்டுவதற்குள் பெருத்துவிடும். கணினியோ தாடையைச் சராசரியாகப் பொருத்தி, அந்தப் பிசகை எல்லாப் பல்லுக்கும் பங்குபோட்டு மறைக்கப் பார்க்கும். அதனால்தான் கறாரான சோதனையாளர்கள் தாடையில் குண்டுகளைப் பதித்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நேர்த் தூரத்தை அளக்கிறார்கள். வண்ணப் படத்தைவிட அந்த ஒற்றை எண்ணைத்தான் நான் நம்புவேன். சோதனை முறைக்கென்றே 2019-இல் ஐஎஸ்ஓ 20896-1 தரநிலையும் வந்தது.

வெளிச்சத்துக்கும் தனிப் பரீட்சை உண்டு. நாற்காலி விளக்கைப் போட்டும் அணைத்தும் பார்க்கிறார்கள்; ஒவ்வொரு ஸ்கேனருக்கும் பிடித்த வெளிச்சம் வேறு!

ஆனால் இத்தனை பரீட்சைகளும் பெரும்பாலும் பல் வரிசையுள்ள, எச்சில் ஊறாத, நாக்கு புரளாத தாடைகளில் நடப்பவை. கொழுந்து கிள்ளி ஓய்ந்த பாட்டியின் பொக்கை வாயோ வழவழ ஈறு. அடையாளம் பிடிக்க மேடுபள்ளம் போதாமல் கேமரா திணறி, வழி தவறிவிடும். அதற்கும் வித்தை கண்டுபிடித்திருக்கிறார்கள்: ஈறிலும் அண்ணத்திலும் சின்னச் சின்னப் பொட்டுகள் வைத்துப் படம் எடுப்பது. அப்படியும் முழுப் பல்லுசெட்டுக்குப் பல மருத்துவர்கள் இன்னும் அச்சைத்தான் நம்புகிறார்கள். ஈறு அழுத்தத்தில் எவ்வளவு அமுங்கும், கன்னம் எங்கே இழுக்கும் என்பதை வாயை அசைக்கச் சொல்லி அச்சில் பிடித்துவிடலாம். தொடாமல் படம் எடுக்கும் கேமராவுக்கு அது எட்டுவதில்லை.