வேரில் எவ்வளவு மாச்சத்து?

பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்துக் காம்பரா வாசலில் உட்கார்ந்திருந்தோம். நமுனுகுலை மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. மாமி சாயத்தண்ணியை ஊற்றிக் கொடுத்து, ஆளுக்கொரு கரண்டி சீனியை உள்ளங்கையில் போட்டார். மாமா சீனியை நக்குவதும் தேத்தண்ணியை உறிஞ்சுவதுமாக இருந்தார். பேசியதெல்லாம் மகன்தான்.

"அப்பாவுக்குச் சதை வெட்டி டெஸ்ட் பண்ணி கேன்சர்னு சொல்லிட்டாங்கண்ணே. புராஸ்டேட்ல. ஆனா ஒப்பரேஷன் வேணாமாம், பார்த்துக்கிட்டே இருப்போமாம். வயசான தோட்டத்து ஆளுதானேன்னு கழிச்சு விடுறாங்க."

கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். கிளீசன் 6. கட்டி சுரப்பியைத் தாண்டவில்லை. மிக மெதுவாக நகரும் வகை. இந்த முடிவு 60 வயதுக்காரருக்கு வந்திருந்தாலும் அநேகமாக "பார்த்துக்கொண்டிருப்போம்" என்றே சொல்லியிருப்பார்கள் என்றேன். தம்பிக்குச் சமாதானமாகவில்லை.

இந்த நோயின் கணக்கு கொஞ்சம் வித்தியாசமானது. வைத்தியத்தின் தொல்லை உடனே வரும்: சிறுநீர் ஒழுகலாம், கதிர்வீச்சு என்றால் குடலும் படுத்தலாம், ஆண்மை குறையலாம். பலனோ எட்டு, பத்து வருடம் கழித்துத்தான் கைக்கு வரும். பிரித்தானியாவில் 50 முதல் 69 வயது வரையான 1,643 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு அறுவை, ஒரு பகுதிக்குக் கதிர்வீச்சு, ஒரு பகுதிக்கு வெறும் கண்காணிப்பு என்று வைத்துப் பார்த்தார்கள். 15 வருட முடிவு 2023இல் வந்தது. எந்தப் பகுதியிலும் நூற்றுக்குச் சுமார் 97 பேர் இந்த நோயால் சாகவில்லை.

அதனால்தான் சிறுநீரக அறுவை நிபுணர்கள், சுரப்பிக்குள் நிற்கும் புற்றுக்குக் கத்தியையோ கதிர்வீச்சையோ எடுக்குமுன் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: இவருக்கு இன்னும் பத்து வருடமாவது இருக்குமா?

"அதான்ணே சொல்றேன். நம்ம நாட்டு ஆம்பளைக்குச் சராசரி ஆயுசு 72ன்னு படிச்சேன். அப்பாவுக்கு 75. அப்ப கணக்குப்படி அவருக்கு ஒண்ணுமே மிச்சம் இல்லையா?"

பலரும் தடுக்கி விழும் இடம் இது. 2011–2013 ஆயுள் அட்டவணை இலங்கை ஆணுக்குச் சொன்ன 72, அன்றைக்குப் பிறக்கும் குழந்தைக்கான எண். சின்ன வயதில் போனவர்கள், பஸ் விபத்தில் போனவர்கள், நாற்பதில் மாரடைப்பில் போனவர்கள் எல்லோரும் அந்தச் சராசரிக்குள் இருக்கிறார்கள். மாமா அந்தக் கண்டங்களையெல்லாம் கடந்து வந்தவர். அவருக்குக் கேட்க வேண்டியது, 75ஐத் தொட்டவர்கள் அதற்குமேல் எத்தனை வருடம் இருக்கிறார்கள் என்பதுதான்.

அமெரிக்க அட்டவணையை வைத்து 2001இல் ஒரு கணக்குப் போட்டார்கள். 75 வயது ஆண்களில் நடுவில் நிற்பவருக்கு இன்னும் 9.3 வருடம். நல்ல திடமாக இருக்கும் மேல் கால்வாசிப் பேருக்கு 14 வருடத்துக்கும் அதிகம். நோயில் நொந்த கீழ்க் கால்வாசிக்கு ஐந்து வருடம்கூட இல்லை. நம் ஊர் எண்கள் வேறாக இருக்கலாம். ஆனால் ஒரே வயதுக்குள் மூன்று விதமான மிச்சம் இருக்கிறது என்பது எங்கேயும் பொருந்தும்.

அதுவரை பேசாதிருந்த மாமா கோப்பையைக் கீழே வைத்தார். முப்பது வருடம் கவ்வாத்து வெட்டியவர் அவர்.

"தம்பி, கவ்வாத்துக்கு முன்னால வேர்ல பென்சில் தண்டிக்கு ஒண்ணு அறுத்து ஐடின் தடவிப் பார்ப்பாங்க. கறுநீலமா வந்தா மாவு இருக்குன்னு அர்த்தம், வெட்டலாம். வெளுத்து நின்னா மலைய ஆறப்போடணும். அதுல வெட்டினா செடி மறுபடி தளுக்காது, பட்டுப்போயிரும். செடிக்கு எத்தனை வயசுன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது.

மனிதனுக்கு அந்த ஐடின் ஒரே சொட்டில் கிடைப்பதில்லை, பலதைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இதயம் எப்படி, சுகர் எத்தனை வருடமாக, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது. இதே பதுளை மாவட்டத்தின் கிராந்துருக்கோட்டைப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் எத்தனையோ விவசாயிகளைத் தின்றிருக்கிறது. அப்படிப்பட்ட ஒருவருக்குப் புராஸ்டேட் கட்டியை விடச் சிறுநீரகமே முதல் கவலை. பிறகு, காரணமில்லாமல் உடம்பு மெலிந்ததா, ஞாபகம் தடுமாறுகிறதா, தன் வேலையைத் தானே செய்துகொள்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று, நடை. 65 வயது கடந்த சுமார் 34,500 பேரின் நடை வேகத்தை ஆயுளோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2011இல் வந்தது. வழக்கமான நடையில் நாலு மீட்டரை ஐந்து விநாடியில் கடப்பவருக்கு ஏறக்குறைய அவர் வயதுக்குரிய சராசரி ஆயுள். அதைவிட வேகம் என்றால் கூடுதல்.

பழைய லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டடி. நீளவாட்டில் ஓரடி சேர்த்தால் நாலு மீட்டர். மாமா சுவரோரம் நின்றார், மகன் போனில் நேரம் பார்த்தான். அவசரப்படாமல் நடந்தவர் வாசற்படியைத் தாண்டியபோது நாலரை விநாடி.

"பரவாயில்லையே!" என்றான் மகன். ஒரு நடையை வைத்து ஜாதகம் எழுத முடியாது என்றேன். மலை ஏறி இறங்கித் தேய்ந்த முழங்காலும் நடையைக் குறைத்துக் காட்டும். மாமாவுக்கு சுகர் பன்னிரண்டு வருடமாக இருக்கிறது, அதுவும் கணக்கில் சேரும். இன்றைக்கு அவர் பத்து வருட எல்லையில் நிற்கிறார். புற்றும் மெதுவான வகை என்பதால் கண்காணிப்பு நல்ல முடிவுதான். காலம் தவறாமல் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், தேவைப்பட்டால் மறுபடி சதைப் பரிசோதனை. இதே உடம்பில் கிளீசன் 8 என்ற வேகமான வகை வந்திருந்தால், 75 என்ற காரணத்துக்காக மட்டும் வைத்தியத்தை மறுத்தால் நீ சண்டை போடலாம் என்றேன்.

மாமி ஒரு சந்தேகம் கேட்டார். "பக்கத்து லயத்து அண்ணனுக்கு நெஞ்சு வருத்தம், நாள் எண்ணிக்கிட்டு இருக்காரு. ஒண்ணுக்கு அடைச்சுக்கிட்டுத் துடிக்கிறாரே, அவருக்கும் இந்தக் கணக்குதானா?"

இல்லை. அடைப்பை நீக்கும் பலன் அன்றைக்கே கிடைக்கும். டியூபோ மருந்தோ, உடம்பு தாங்கினால் உள்வழியாகச் சுரப்பியைச் சுரண்டுவதோ, ஆறு மாதமே இருப்பவருக்கும் அவசியம். எலும்புக்குப் பரவிய வலியும் அப்படித்தான். ஆயுள் கணக்கு, பலன் தள்ளி வரும் வைத்தியத்துக்கு மட்டும்.

கிளம்பும்போது ஒன்று சொன்னேன். கூட்டமான கிளினிக்கில் டொக்டர் பார்ப்பது கதிரையில் உட்கார்ந்திருக்கும் மாமாவை. அவர் மலை ஏறுவது அந்த அறைக்குள் தெரியாது. மொழியும் பாதி நேரம் தடுக்கும்.

மகன் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, தெரிந்த சிங்களத்தில் எழுதத் தொடங்கினான். "பீலிக்கரையில இருந்து தண்ணி தூக்குறாரு. விறகு கட்டு சுமக்குறாரு..."

"விறகு இப்ப பாதிக்கட்டுதான்" என்றார் மாமா. "உள்ளத உள்ளபடி எழுது."