வெள்ளத்தில் நனைந்த பெண்டுலக் கடிகாரம்: பழுது பார்ப்பதா, விட்டுவிடுவதா?

2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வீசிய 2023 டிசம்பரிலும், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய பெரும்பாக்கம் பகுதியில் வெள்ளம் புகுந்தது. அத்தகைய வெள்ளத்தில் பழைய பெண்டுலக் கடிகாரம் ஒன்று நனைந்துவிட்டால், அது ஓடுகிறதா என்பதைவிட அதன் எந்தப் பாகம் மீளாதபடி கெட்டது என்பதே முதலில் ஆராயத்தக்கது. நின்றுபோன இயந்திரத்தைத் தேர்ந்த கைவினைஞர் பெரும்பாலும் ஓடவைத்துவிடுவார். அழிந்த முகப்பை அவராலும் மீட்க இயலாது.

முகப்பு என்பது எண்கள் பொறித்த வட்டத் தட்டு. பல கடிகாரங்களில் அது உலோகத் தகட்டின் மேல் ஒட்டிய அச்சுத்தாளே ஆதலால், நீரில் ஊறினால் உப்பிக் கிழிந்துவிடும். கறை படிந்திருந்தாலும் எண்களும் நிறுவனப் பெயரும் தெரியுமானால் அதை அப்படியே விடுவது நன்று. புதுத்தாள் ஒட்டிப் பளபளப்பாக்குவது கடிகாரத்தின் மதிப்பைக் குறைக்கும். மரப்பெட்டியின் நிலை வேறு. அதன் மேல் போர்த்திய மெல்லிய அழகுமரத் தகடுகள் விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரப் பசையால் ஒட்டப்பட்டவை; அப்பசை ஈரத்தில் இளகுவதால் தகடுகள் கழன்றாலும், அதே காரணத்தால் அவற்றை மீண்டும் ஒட்டவும் முடிகிறது. எனவே, உதிர்ந்த துண்டு ஒன்றையும் எறியாமல், வெயிலில் காட்டாது நிழலில் உலர்த்தி எடுத்துவைக்க வேண்டும்.

இயந்திரத்தில் பித்தளைத் தகடுகளும் சக்கரங்களும் நீரை ஓரளவு தாங்கும். எஃகு அச்சுகளும் முறுக்குச் சுருள்வில்லுமே துருப்பிடிப்பவை. சுருள்வில்லின் முறுக்கை முழுதும் தளர்த்திய பின்னரே அடுத்த சோதனையைச் செய்ய வேண்டும். இல்லையேல் தெறிக்கும் வில் விரலையும் பற்சக்கரத்தையும் சேர்த்தே பதம் பார்த்துவிடும். பிறகு ஒரு சக்கரத்தை இலேசாக அசைத்தால், தேய்ந்து நீள்வட்டமான துளைக்குள் அச்சுமுனை பக்கவாட்டில் ஆடுவது தெரியும். அத்துளையில் புஷ் எனப்படும் பித்தளை வளையம் செருகுவது வழக்கமான வேலை. துரு மேலோடு நின்றிருந்தால் அச்சைத் தேய்த்து மெருகிடலாம். குழி விழ அரித்திருந்தால் புது அச்சு கடைய வேண்டியிருக்கும், அங்கேதான் செலவு ஏறும்.

மாற்றுப் பாகம் தேடுவதும் எளிதன்று. எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் அன்சோனியா கடிகார நிறுவனம் 1929இலேயே முடிவுக்கு வந்ததால், அதன் கடிகாரங்களுக்கான அசல் பாகங்கள் பிற பழைய கடிகாரங்களிலிருந்தே கிடைக்கும். இதனால் பழம்பொருள் சந்தைகளில் ஒன்றின் பெட்டியும் மற்றொன்றின் இயந்திரமும் இணைந்த கலப்புக் கடிகாரங்களும் உலவுகின்றன; பின்பலகையில் பயனற்ற திருகுத் துளைகள் இருந்தாலோ, சாவி செருகும் அச்சு முகப்புத் துளையோடு பொருந்தாவிட்டாலோ ஐயம் கொள்ளலாம். அத்தகைய கலப்பிற்குப் பெருஞ்செலவு தகாது.

சாதாரண மாதிரிக்குச் செலவிடும் தொகை விற்பனை விலையில் பெரும்பாலும் திரும்பாது. பாட்டன் காலத்துப் பொருள் என்பதற்காகச் செலவிடுவோர் அக்கணக்கைப் பார்ப்பதில்லை, பார்க்கவும் வேண்டியதில்லை. ஆனால் செலவுக்கு அஞ்சிப் பழைய இயந்திரத்தைக் கழற்றிவிட்டு பேட்டரி இயந்திரம் பொருத்துவதைவிட, ஓடாத கடிகாரமாகவே மாட்டி வைப்பது மேல். முகப்பும் பெட்டியும் அழிந்து இயந்திரம் மட்டும் எஞ்சினால், அதைப் பழைய இரும்புக் கடையில் போடாமல் கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தால், அதே வகைக் கடிகாரம் இன்னொன்றுக்குச் சக்கரமாகவோ வில்லாகவோ அது பயன்படும்.