புறநகர் என்பது யாது?

நகரத்திற்கு அருகில் உள்ளதெல்லாம் புறநகர் என்று கருதுவோர் உளர். அது பிழை. 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. வழியிலிருந்த ஊர்களில் ஜனங்களின் பொழுது ரயில் நேரத்தைக் கொண்டு விடியலாயிற்று. காலையில் பட்டணத்திற்கு ஓடி, இரவில் உறங்க மட்டும் திரும்பும் இடமே புறநகர்.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில், கடலுக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் இடையே உள்ள லைட்ஹவுஸ் குப்பத்தைப் பாருங்கள். அங்கே பொழுதை நிர்ணயிப்பவை ஓதமும் காற்றுமே. ஏரியில் எவர், எங்கே, என்று வலையிடுவது என்பதை மீனவர் தாமே வகுத்துக்கொண்ட 'பாடு' முறை தீர்மானிக்கிறது. பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613-இல் கோட்டை எழுப்பியபோது, சென்னைக் கோட்டைக்கு அஸ்திவாரமே இடப்படவில்லை. இப்பிரதேசம் எவருக்கும் வால் அன்று.

2022-இல் சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்கப்பட்டது. எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் எழுந்துவிட்டன. சாலையும் வைத்திய வசதியும் வருக; வேண்டாமென்பார் யார்? ஆனால் ஏரியும் முகத்துவாரமும் கெட்டு, வலை வீசிய கை கூலி தேடிப் பட்டணத்துப் பஸ்ஸைப் பற்றும் நாளில்தான் இக்குப்பம் புறநகராகும். அதனை முன்னேற்றம் என்றழைக்க நாம் ஒருகாலும் உடன்படோம்.