‘கோச்சடையான்’ பார்த்த அரங்கம் ஏன் சிரித்தது?

2014 மே 23 அன்று ‘கோச்சடையான்’ வெளியானபோது, ரஜினிகாந்த் படங்களுக்கு வழக்கமாக நடப்பவை எல்லாம் திருச்சியிலும் நடந்தன. நான் படம் பார்த்த அரங்கில், திரையில் பெயர் தோன்றியபோது காகிதத் துண்டுகள் பறந்தன. கால் மணி நேரத்தில் ஆரவாரம் தணிந்தது. குரல் ஒலித்தால் விசில்; முகம் அருகில் வந்தால் ஒரு சங்கடமான அமைதி. காதல் பாடலின்போது சிலர் வாய்விட்டே சிரித்தார்கள். வெளியே வந்தவர்கள் ‘பொம்மைப் படம்’ என்று ஒரே சொல்லில் தீர்ப்பெழுதினார்கள்.

நம்மவர்களுக்கு அனிமேஷன் பழக்கமில்லை, அதனால்தான் இந்த ஏளனம் என்று அப்போது சிலர் சமாதானம் கூறினர். அதை என்னால் ஏற்க முடியவில்லை. தட்டையான கோட்டோவியமாக வரும் ‘சோட்டா பீம்’ நம் வீட்டுக் குழந்தைகளைக் கட்டிப்போடுகிறது. ஸ்ரீரங்கத்தில் அரையர் சேவையைப் பாருங்கள். தலையில் குல்லாய், கையில் தாளம்; வேடமாற்றம் கிடையாது. முத்துக்குறியில் ஒரே அரையர் தாயாகவும் மகளாகவும் குறி சொல்பவளாகவும் மாறிமாறி அபிநயிக்கிறார். கூட்டம் கைகூப்பி நிற்கிறது, யாரும் சிரிப்பதில்லை. பெண்ணைப் போல் தோற்றமளிப்பதாக அவர் உரிமை கொண்டாடவில்லை. மீதியை நாம் நிரப்பிக்கொள்கிறோம்.

‘கோச்சடையான்’ கொண்டாடியது அந்த உரிமையைத்தான். அசலைப் போன்றே தோன்றும் இந்தியாவின் முதல் மோஷன் கேப்சர் படம் என்று அது விளம்பரப்படுத்தப்பட்டது. இந்த முறையில் நடிகரின் உடலில் குறிகளைப் பொருத்தி, சுற்றிலும் உள்ள கேமராக்களால் அசைவைப் பதிவு செய்து, கணினியில் உருவாக்கிய உடலுக்கு ஏற்றுகிறார்கள். கையும் காலும் இதில் ஓரளவு எளிது. கண்ணுக்குள் குறி ஒட்ட முடியாது. பார்வை எங்கே நிலைகுத்துகிறது, இமை எப்போது துடிக்கிறது என்பதையெல்லாம் கலைஞர்கள் பொறுமையாகச் சரிசெய்ய வேண்டும். மனிதத் தோலுக்குள் ஒளி சற்றே ஊடுருவித் திரும்பும். அதைக் கணக்கிடாவிட்டால் முகம் மெழுகாகிவிடும். பாதம் தரையில் ஊன்றாமல் வழுக்கினால் உடலுக்கு எடையே இல்லாததுபோல் இருக்கும். இவற்றைச் செம்மைப்படுத்தப் பணமும், அதைவிட முக்கியமாகக் காலமும் வேண்டும். திறமைக்குப் பஞ்சமில்லை. சென்னையின் பென்டாமீடியா நிறுவனம் 2000-ஆம் ஆண்டிலேயே மோஷன் கேப்சரில் முழுநீளப் படம் தயாரித்திருக்கிறது.

ஜப்பானிய விஞ்ஞானி மசாஹிரோ மோரி 1970-இல் இதற்கொரு விளக்கம் தந்தார். மனிதச் சாயல் கூடக்கூட ஓர் உருவத்தின் மீது நமக்கு ஈர்ப்பு கூடுகிறது. ஏறக்குறைய மனிதனாகவே ஆகிவிட்ட கட்டத்தில் அது சட்டென்று அருவருப்பாகச் சரிகிறது. 2004-இல் வந்த ‘போலார் எக்ஸ்பிரஸ்’ என்ற ஹாலிவுட் படத்தின் உயிரற்ற கண்களும் இதே குறைக்கு ஆளாயின. நமக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. திரையில் தோன்றியது ரஜினியின் முகம். அவருடைய புருவ அசைவைத் தமிழர்கள் அப்போதே ஏறக்குறைய நாற்பதாண்டுகளாகப் பார்த்து வந்திருந்தார்கள். அவ்வளவு தேர்ந்த கண்களை ஏமாற்றுவது எளிதல்ல.

ஒரு விதிவிலக்கும் உண்டு. 2009-இல் மறைந்த நாகேஷ் கணினி உருவில் தோன்றியபோது அரங்கம் கைதட்டியது. அந்த உருவமும் குறையற்றது அல்லதான். ஆனால் தோன்றியது சிறிது நேரமே. இனிப் பார்க்கவே முடியாத மனிதர் என்ற நினைப்பு குறையை மறைத்திருக்கலாம் என்பது என் ஊகம்.

சத்திரம் பேருந்து நிலையப் பக்கம் ஓர் ஆட்டோவின் பின்புறத்தில் ரஜினி படம் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். கலைந்த முடிக்கு இரண்டு கோடு, கறுப்புக் கண்ணாடிக்கு ஒரு தீற்றல், மூக்குகூட வரையப்படவில்லை. யாரென்று எவரும் கேட்டதில்லை. அந்த ஓவியரை அழைத்து, அவர் பாணியிலேயே இரண்டு மணி நேரப் படம் எடுத்திருந்தால், திருச்சி அரங்குகளில் விசில் ஓய்ந்திருக்காது என்றே இன்றும் நினைக்கிறேன்.